என் கையால் வாங்காத துவக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "அம்மா, ஓமெண்டா ஓம், இல்லையெண்டா இல்லை. ஒரு சொல் சொல்லுங்கோ. கடைக்காரர் வாற சனிக்கிழமை வரைக்கும்தான் அந்த வேட்டைத் துவக்கை வச்சிருப்பாராம்" என்றாய். நான் எழுந்து போய் அடுப்பில் ரசம் சூடாக இருக்கிறதா என்று பார்த்தேன். ரசம் மேசையில்தான் இருந்தது. நீயும் அப்பாவும் அதைப் பார்த்தீர்கள். இன்று திங்கட்கிழமை. நீ தண்டவாள வேலைக்குப் போய்விட்டாய், நானும் அப்பாவும் வேலை செய்யும் ஹோட்டல் அடுத்த பருவத்துக்குத் திறக்க இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, எனக்கு நேரம் இருக்கிறது. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். மெதுவாக வாசி. சனிக்கிழமைகளில் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காக இந்தச் சுவிஸ் மலையில் இருந்து இரண்டு மணித்தியாலம் ரயிலில் இறக்கிக் கொண்டுபோனேனே, அது இந்தக் கடிதத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள்.

வேட்டை அனுமதிப் பரீட்சைக்குப் படிக்கப்போகிறேன் என்று நீ முதலில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். உங்கள் தண்டவாளக் குழுவின் தலைவர் ரேத்தோ உன்னை இழுத்துவிட்டார், ஒரு மாதத்தில் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ விடவில்லை. இரண்டு வருடம் படித்தாய். அதுவும் படிப்பில் ஒரு பங்காம் என்று சனிக்கிழமைகளில் வேட்டைக்காரருடன் போய்ப் புல்வெளிகளில் பற்றை வெட்டினாய். பல்லைப் பார்த்து மானுக்கு வயது சொல்லப் பழகவேண்டும் என்று ஒரு தாடை எலும்பைக் கொண்டுவந்து வைத்தாய். அது ஒரு கிழமை முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் அதை எடுத்துக் குளியலறையில் வைத்தேன். உன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவள் நான்தான். நீ பிழையாகச் சொன்ன இடங்களில் எனக்குச் சரியான விடை தெரிந்திருந்தது. அப்பாவிடம் சொன்னபோது அவர், "ஹோட்டல் குசினியில வருசா வருசம் மான் வெட்டுறன். லொறி கொண்டு வந்தா என்ன, இவன் சுட்டுக்கொண்டு வந்தா என்ன, எனக்கு வெட்டுறதுதானே வேலை" என்றார். அவருக்கு எல்லாம் இப்படி லேசாக இருக்கிறது. எனக்கு ஏன் இல்லை என்று நான் அப்போதே என்னைக் கேட்டிருக்க வேண்டும். பரீட்சையில் நீ தேறிய நாள் பொங்கி வைத்தேன். துவக்கு என்ற ஒன்று இதற்குள் இருக்கிறது என்பது, நம்பமாட்டாய், எனக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது எனக்கே விளங்கவில்லை. பயந்த மனுசி என்றால் அந்தப் பக்கமே பார்க்காமல் இருக்கவேண்டும். நானோ, சோறு அவிக்கும் இயந்திரம் வாங்க எப்படி விசாரித்தேனோ அதைவிட மும்மடங்கு விசாரித்தேன். உன் கையில் இருந்தது இரண்டாயிரம் பிராங்கு. அதற்குள் துவக்கும் வேண்டும், அதன் மேல் பொருத்துகிற தொலைநோக்கியும் வேண்டும், பழகிச் சுடத் தோட்டாவும் வேண்டும். எங்கள் மாநிலத்தில் பெரிய மிருகங்களுக்குத் தடித்த குண்டுதான் என்பது சட்டம். அதனால் வேறு இடங்களில் மலிவாக விற்கிற துவக்குகளில் பாதி இந்த மலையில் உதவாது என்று உன் புத்தகத்திலேயே படித்தேன். ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் போல்ட்டைப் பின்னே இழுத்து முன்னே தள்ளுகிற துவக்குத்தான் தொடங்குகிறவனுக்கு நல்லது, பழுதாக அதில் அதிகம் இல்லை என்று ரேத்தோ சொன்னதை நீ வந்து சொன்னாய். ஹோட்டலில் குளிர்காலத்தில் பனி அள்ளும் கிழவர் ஒருவர் இருக்கிறாரே, அவரிடமும் நான் உனக்குத் தெரியாமல் கேட்டேன். "துவக்கில் மிச்சம் பிடிக்கலாம், தொலைநோக்கிக் கண்ணாடியில் பிடிக்கக்கூடாது. என்னத்தைச் சுடுகிறோம் என்று தெரிந்தால்தான் சுடாமல் விடவும் முடியும்" என்றார். அந்தக் கடைசி வசனம் எனக்குள் ஒரு கிழமை ஓடிக்கொண்டிருந்தது. ஹோட்டலில் கட்டிலுக்கு விரிப்பு மாற்றும்போதெல்லாம் ஓடியது.

இப்படியாகப் போன சனிக்கிழமை நாங்கள் அந்தக் கடைக்குப் போனோம். நீ என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எந்த முதல் பொருளும் என் கையால் வாங்குவதுதான் வழக்கம். உன் முதல் சைக்கிள், உன் முதல் கார், அப்பாவின் கத்திப்பெட்டி எல்லாம் நான் காசைக் கொடுத்து நான் கையில் வாங்கி உங்களிடம் தந்தவை. வின்டர்தூரில் உன் சித்தி கடை திறந்தபோதுகூட முதல் பொருளை நான் வாங்கவேண்டும் என்று ரயில் ஏறி வரச்சொன்னாள். என் கை ராசியான கை என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். ஒவ்வொரு முறையும் கையை நீட்டுவதற்கு முன்னால் நான் ஒரு கணம் நிற்பேன். நீ அதை அடக்கம் என்று நினைத்திருப்பாய்.

கடைக்காரர் பச்சை ஏப்ரன் கட்டியிருந்தார். மேசையில் கம்பளித் துணி விரித்து இரண்டு துவக்குகளை வைத்தார். ஒன்று புதிது, கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, லேசானது. மற்றது ஒரு வேட்டைக்காரர் முழங்கால் போய் வேட்டையை விட்டபோது கொடுத்துவிட்டுப் போனது. மரக்கட்டை, ஒரு பக்கத்தில் கல்லில் உரசின கீறல். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். நீ இரண்டையும் மாறி மாறித் தோளில் வைத்துப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"அம்மா, ரெண்டையும் ஒருக்கா பிடிச்சுப் பாருங்கோ. எது உங்கட கைக்குச் சரி வருதோ அதை எடுப்பம்."

"எனக்கென்ன தெரியும், தம்பி."

"உங்களுக்குத் தெரியத் தேவையில்லை. கைக்குத் தெரியும்."

நீ அதை ஜெர்மனில் கடைக்காரருக்கும் விளங்கப்படுத்தினாய். அவர் சிரித்துவிட்டு, "எங்களிடமும் இப்படி நம்பிக்கை இருக்கிறது. நான் வேட்டையின் முதல் நாள் புதுச் சப்பாத்துப் போடமாட்டேன்" என்றார். போல்ட்டைத் திறந்து குழல் வெறுமையாக இருக்கிறது என்று காட்டிவிட்டு மரக்கட்டைத் துவக்கை என் கையில் தந்தார். நான் வாங்கினேன். இடது கை அடியில், குழல் நிலத்தைப் பார்க்க, வலது கை விரல் விசைக்கு வெளியே மரத்தோடு நீட்டி. எல்லாம் தானாக நடந்தது. கடைக்காரர், "பழகியவர் போலப் பிடிக்கிறீர்கள்" என்றார். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அந்தச் சிரிப்பு மெல்ல நிற்பதை நான் பார்த்தேன்.

நான் அவசரப்பட்டேன். கதையை மாற்ற வேண்டும் என்று, "இதையே எடுப்பம். பாதிக் காசு நான் தாறன். பேப்பரை என்ர பேரில எழுதச் சொல்லு, கார் மாதிரி" என்றேன். துவக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைப்பைக்குள் இருந்து என் வதிவிட அட்டையை, அந்தச் சி பெர்மிட்டை, எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அதை வாசித்தார். பிறகு இன்னொருமுறை வாசித்தார். உள்ளே போய் ஒரு தாளோடு வந்தார். அவருடைய காது சிவந்திருந்தது. சில நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சட்டம் துவக்கு வாங்க விடுவதில்லை, கையில் வைத்திருக்கவும் விடுவதில்லை, என் நாடு அந்தப் பட்டியலில் இருக்கிறது, மகனுக்குச் சுவிஸ் கடவுச்சீட்டு என்பதால் அவனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். "நான் முதலே கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டே என் கையில் இருந்து அதை எடுத்தார். மரியாதையாகத்தான் எடுத்தார். வீட்டில் அது இருந்தாலும் பூட்டின இரும்புப் பெட்டிக்குள் இருக்கவேண்டும், பெட்டியின் சாவி எனக்கு எட்டாத இடத்தில் இருக்கவேண்டும் என்று உனக்குச் சொன்னார். எனக்கு என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதை ஒரு கிழமைக்கு வைத்திருக்கச் சொல்லிவிட்டு நீ வெளிக்கிட்டாய். காரில் ஆற்றோரமாகப் பாதித் தூரம் வந்தோம். பிறகு கேட்டாய்.

"அம்மா, துவக்குப் பிடிக்க எங்க பழகினீங்கள்?"

"படத்தில பாத்தது."

"எந்தப் படத்தில?"

"தெரியேல்லை. ரோட்டைப் பார்."

தம்பி, நான் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.

(செவ்வாய்க்கிழமை முழுக்க எழுதவில்லை. மேலே உள்ளதை வாசித்துப் பார்த்தேன், கிழிக்கவும் யோசித்தேன். இன்று புதன்.)

யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலம், எனக்குப் பதினான்கு வயது. அம்மா கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வரிசைக்குப் போயிருந்தா. ஆயுதம் தூக்கின இயக்கத்துப் பெடியன்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர், சின்ன வயதில் இருந்து நான் அண்ணை என்று கூப்பிட்டவர். உரப்பையில் சுற்றின ஒன்றைக் காட்டி, "தங்கச்சி, மூண்டு நாளைக்கு மட்டும் வச்சிரு. வீட்டில ஒருத்தருக்கும் சொல்லாத" என்றார். எப்படித் தூக்குவது, எங்கே விரல் வைக்கக்கூடாது என்று ஒரு நிமிடத்தில் காட்டித் தந்தார். நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் வெருட்டவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நம்பி ஒன்றைத் தருகிறார்களே என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். குசினிக்குள் அடுக்கியிருந்த விறகுக்குப் பின்னால் வைத்தேன்.

அம்மா வந்தா. சமைக்கப் போனா. அந்த அடுக்கில் இருந்து ஒரு விறகு எடுத்தா, இரண்டாவதுக்குக் கை போட்டா, நிறுத்தினா. அதற்குப் பிறகு மூன்று நாளும் அவ அந்த விறகைத் தொடவில்லை. காணிக்குள் போய்த் தென்னோலை பொறுக்கி வந்து எரித்தா. புகை அடித்துக் கண் எரிந்தது. நானும் கேட்கவில்லை, அவவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே குசினிக்குள், ஒரே அடுக்கைப் பார்க்காமல், மூன்று நாள் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் அண்ணை தனியே வந்தார். நான் விறகை விலக்கி அதை எடுத்துக்கொண்டு போய் வேலியடியில் அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "உன்ர கையால தந்தது, தங்கச்சி. எனக்கு ஒண்டும் வராது" என்றார். என் கையைப் பற்றி முதலில் அப்படிச் சொன்னவர் அவர்தான். அடுத்த மாதம் சந்தி மதிலில் அவருடைய அஞ்சலிப் படம் ஒட்டியிருந்தது. அவர் துவக்கைக் கொண்டுபோன அன்றைக்கு அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "அந்த விறகை எடுத்து வா." வேறு ஒரு சொல் இல்லை. அவ சாகும்வரைக்கும் இல்லை.

இதை நான் அப்பாவுக்கும் சொன்னதில்லை. நேற்றுச் சொன்னேன். அவர் கரட் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தனை வருசமா எல்லாரும் உன்ர கையைக் கேக்கேக்க உனக்கு எப்பிடி இருந்தது?" என்றார். "தெரியேல்லை" என்றேன். "அப்ப ஏனப்பா நீட்டினனீ?" என்றார். அதுவும் தெரியவில்லை. உன் சைக்கிளுக்கு ஒன்றும் நடக்கவில்லை, காருக்கு ஒன்றும் நடக்கவில்லை, சித்தியின் கடை நன்றாக ஓடுகிறது. நடந்த ஒன்று, நடக்காத நூறு. எதை நம்புவது? யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்புப் படித்தவள் நான். கையில் ராசி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பயப்படுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீயும் அப்பாவும் சுவிஸ் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தபோது நான் என் பெயரைச் சேர்க்கவில்லை. ஊர்க்காணி என் பேரில் இருக்கிறது, அது போய்விடும் என்று உனக்குச் சொன்னேன். காணியை அடுத்த வருடமே விற்றுவிட்டோம். பிறகும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. கிராமசபையில் ஆட்கள் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லப் பயமா, அந்தப் பழைய கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டால் அம்மாவின் குசினியும் என்னுடையது இல்லாமல் போய்விடும் என்ற நினைப்பா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் போன சனிக்கிழமை கடைக்காரர் அந்தத் துவக்கை என் கையில் இருந்து எடுத்தபோது எனக்கு இரண்டு விதமாக இருந்தது. இருபத்து மூன்று வருடம் இங்கே மற்றவர்களின் கட்டிலை விரித்தவளை இந்த நாடு இன்னும் நம்பவில்லை என்று வெட்கமாக இருந்தது. அதே நேரம், அப்பாடா, இதை என் கையால் இவனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று நெஞ்சு லேசானது. எது பெரிது என்று கேட்காதே. இரண்டும் ஒரே நிமிடத்தில் வந்தன, இன்னும் ஒன்றை ஒன்று விடவில்லை.

திங்கட்கிழமை இதை எழுதத் தொடங்கும்போது இல்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். ஞாயிறு நீ, "உங்களுக்கு வேண்டாமெண்டா ரேத்தோவிட்டச் சொல்லிப்போட்டு விட்டிடுறன், எனக்குப் பரவாயில்லை" என்று சொன்னாய் அல்லவா? அந்தப் பரவாயில்லை எனக்குத் தெரிந்த பரவாயில்லை. அம்மா தென்னோலை பொறுக்கினதும் அப்படித்தான். நீ வேட்டையை விட்டுவிடுவாய், காரணம் கேட்கமாட்டாய், நான் சொல்லமாட்டேன், ஒவ்வொரு செப்டெம்பரும் உன் குழுவில் பாதிப்பேர் வேட்டைக்கு லீவில் போக நீ தண்டவாளத்தில் நிற்பாய். வீட்டுக்குள் வராத துவக்கும் விறகுக்குப் பின்னால் இருந்ததைப் போலவே இருக்கும். அதை என்னால் இன்னொரு முறை செய்ய முடியாது.

ஆகவே வாங்கு. என் பதில் ஓம். மனம் தெளிந்து சொல்லுகிற ஓம் இல்லை, அதையும் தெரிந்துகொள்.

மரக்கட்டையையே வாங்கு. கைக்குச் சரி வந்ததற்காகச் சொல்லவில்லை, விசாரித்ததை வைத்துச் சொல்லுகிறேன். தடித்த குண்டு லேசான துவக்கில் தோளை நன்றாக உதைக்குமாம். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போது கண்ணை மூடுவானாம். பாரம் மலை ஏறும்போது உனக்குக் கஷ்டம்தான், ஆனால் தண்டவாளம் தூக்குகிற தோள் அது. வாங்குமுன் கடைக்காரரோடு சூட்டு மைதானத்துக்குப் போய் அதை இரண்டு மூன்று தரமாவது சுட்டுப் பார், குழலின் உட்புறத்தை விளக்குப் பிடித்துக் காட்டச் சொல், குளிர்க் கையுறையோடு பாதுகாப்புப் பூட்டைத் தள்ள முடிகிறதா என்று பார். கீறலைக் காட்டி விலை குறைக்கக் கேள். வெட்கப்படாதே, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் கேட்பார். மிஞ்சுவதையும் நான் தருகிற பாதியையும் தொலைநோக்கியில் போடு, செப்டெம்பருக்குள் பழகத் தோட்டாவுக்கும் கொஞ்சம் வை. தெளிவாகத் தெரியாததைச் சுடாதே. வெறுங்கையோடு வந்தால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். வெள்ளிக்கிழமை இறைச்சியோடு வந்தால் மட்டும் சனிக்கிழமை வரைக்கும் அப்பாவின் ஹோட்டல் குளிரறையில் வை.

பெட்டியை உன் அறைச் சுவரில் பூட்டு. இந்த வீட்டில் ஊசி எங்கே இருக்கிறது என்றாலும் எனக்குத் தெரியும், உனக்கும் அப்பாவுக்கும் உங்கள் சொக்ஸ் எங்கே என்று நான்தான் சொல்லவேண்டும். அந்தச் சாவி ஒன்று மட்டும் எங்கே என்று எனக்குத் தெரியவேண்டாம். நான் தேடவும் மாட்டேன். ஆனால் அது வீட்டுக்குள் வருகிற நாளும் வெளியே போகிற நாளும், "அம்மா, துவக்கு வந்திட்டுது", "அம்மா, துவக்கைக் கொண்டு போறன்" என்று குசினி வாசலில் நின்று வாயால் சொல்லு. சத்தமாகச் சொல்லு. நான் கேட்பது இது ஒன்றுதான்.

சனிக்கிழமை நானும் வருகிறேன். கடைக்காரரின் காது இனிச் சிவக்கவேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியவேண்டும். காசை நீ கொடு, பேப்பரில் உன் பெயரை எழுது, துவக்கை உன் கையால் வாங்கு. வாங்கும்போது என்னைத் திரும்பிப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். நான் கதவடியில் நிற்பேன், இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு.

அம்மா